மாமா தேடும் கெப்

மாமாவுக்கு ஒரு கெப் வேணும். டீசல், பழசு, "கம்பியூட்டர் இல்லாதது". மூன்று மாதமாகத் தேடுகிறார். வாழைச்சேனையில் இருந்து ஃபைபர் போட்டை ட்ரெயிலரில் கொழுவிக்கொண்டு, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வடக்கே வாகரைப் பக்கம் போய் வாடி போடுவதுதான் திட்டம். என்ஜின், வலை, ஐஸ் பெட்டி, தகரம், சட்டி பானை எல்லாம் கெப்பில் ஏற வேண்டும். சீசன் முடிய அதிலேயே திரும்பி வர வேண்டும். வெளிநாட்டுக்காரர் கெப்புக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். எங்கட ஆக்களுக்கு அது வாடி.

"லீசிங்கில புதுசா ஒண்டு எடுக்கலாமே மாமா?" என்று கேட்டேன். "உனக்கு விளங்காது புள்ள" என்றார். வரலாறு படிக்கிற ஒருத்திக்கு இதைவிட அவமானம் வேறு என்ன? அதனால் அவர் கெப் பார்க்கப் போகிற இடமெல்லாம் நானும் போனேன்.

மாமா முதலில் பார்ப்பது என்ஜினை இல்லை, நம்பர் பிளேட்டை. இலங்கையில் வாகனத்தின் வயதை அதிலேயே வாசித்துவிடலாம். நடுவில் சிங்கள ஸ்ரீ இருந்தால் மிகப் பழசு, இலக்கங்களுக்கு நடுவில் வெறும் கோடு என்றால் அதற்குப் பிந்தியது, மாகாணக் குறியும் ஆங்கில எழுத்தும் என்றால் 2000க்குப் பிறகு. அந்த ஸ்ரீ 1957இல் வந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்த அடுத்த வருடம். 1958இல் தேசியமயமான பஸ்கள் ஸ்ரீ பிளேட்டோடு வடக்குக்கு வந்தபோது தமிழரசுக் கட்சியினர் அதில் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துக்களில் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். அதே எழுத்தைத்தான் இன்றைக்கு "ஸ்ரீ நம்பர், ஒரிஜினல் புக்" என்று தமிழ் ஆக்களே பெருமையாகச் சொல்லி விலை கூட்டுகிறார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். "தார் பூசினாலும் பூசாட்டியும் கறள் பிடிக்கும்" என்றார்.

மாமா தேடுவது கோடு நம்பர் காலத்துக் கெப். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்படும்வரை ஊரில் ஓடியது பெரும்பாலும் ஒஸ்டினும் மொரிசும்தான். அதற்குப் பிறகு ஜப்பானில் ஓடி முடிந்த வாகனங்கள் ரீகண்டிசன் என்ற பெயரில் கப்பல் கப்பலாக வந்தன. அவற்றில் டொயோட்டா ஹைலக்ஸுக்குத் தனி மரியாதை. 1988இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறையில் 2.4 லீற்றர் 2எல், 2.8 லீற்றர் 3எல் என்ற டீசல் என்ஜின்கள் இருந்தன. டீசலை அளந்து அனுப்புவது முழுக்க முழுக்க ஒரு இயந்திரப் பம்ப். என்ஜின் ஓடத் தொடங்கினால், டீசலை மறிக்கும் சின்ன சொலனொய்டுக்கு மட்டும்தான் கரண்ட் வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்குத்தான் யுத்தத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மாங்கேணிக்கு அந்தப் பக்கம் புலிகள், இந்தப் பக்கம் ஆமி. எரிபொருள், பற்றரி எல்லாம் கட்டுப்பாட்டுப் பொருட்கள். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே மாமா போன்றவர்கள் படித்த பாடம் வேறு: பற்றரி செத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணக்கூடியது, ஊர்க் கராஜில் பாஸ் ஒருவர் சாவிக்கட்டோடு திருத்தக்கூடியது, அதுதான் வாகனம். 2006 கடைசியில் வாகரையில் இருந்து சனம் வாழைச்சேனைப் பக்கம் ஆயிரக்கணக்கில் வந்தபோது, வாகனம் கிடைத்தவர்கள் அதில் ஏற்றியதும் தகரமும் சட்டி பானையும்தான். 2007 ஜனவரியில் ஆமி வாகரையைப் பிடித்தது.

இது எங்கட ஊர்க் கதை மட்டுமில்லை. 1987இல் சாட் நாட்டுப் படைகள் ஹைலக்ஸிலும் லாண்ட்குரூசர் பிக்கப்பிலும் ஏறிப் போய் லிபியாவின் தாங்கிப் படையைத் தோற்கடித்தன. அந்தச் சண்டைக்கு டொயோட்டா போர் என்றே பெயர் விழுந்தது. பாலைவனத்தில் நின்றாலும் திருத்தி ஓட்டலாம் என்பதுதான் அங்கேயும் காரணம்.

சுனாமிக்குப் பிறகு நிறுவனங்களின் வெள்ளை டபிள் கெப்கள் ஊரை நிறைத்தன. ஏறக்குறைய அதே காலத்தில், 2005 அளவில், ஹைலக்ஸும் கொமன் ரெயிலுக்கு மாறியது. பழைய நோசில் 150 பார் அளவில் திறக்கும், புதியதில் அமுக்கம் 1000 பாரைத் தாண்டும். இழுவை கூட, புகை குறைவு, டீசலும் மிச்சம். போட் இழுக்க நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டீசலில் தண்ணீரோ தூசோ கலந்தால் இன்ஜெக்டர் போய்விடும், மாற்றுகிற செலவு பழைய நோசிலோடு ஒப்பிட முடியாதது. 2022 ஜனவரியில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் கடைசியில் 460 ஆனது. கானில் வாங்கி வைத்த டீசலைத் துணியால் வடித்து ஊற்றிய நாட்கள் அவை. பழைய பம்ப் அதையும் குடித்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள், அதுவும் பெரிய வரியோடு. இடையில் முப்பது வயதுக் கெப்புக்கும் மவுசு ஏறிவிட்டது. இதுதான் மாமாவின் சிக்கல். கையிலிருப்பது வலை விற்ற காசு, பிழைத்தால் இரண்டாம் முறை இல்லை.

போன கிழமை ஓட்டமாவடிப் பக்கம் ஒன்று பார்த்தோம். கோடு நம்பர், 3எல். மாமா முதலில் பொனட்டில் கை வைத்தார். சுடவில்லை, அதாவது எங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்கவில்லை. ஒரே அடியில் பிடித்தது. கொஞ்சம் கறுப்புப் புகை, பிறகு தெளிவு. ஓயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார், புகை தள்ளவில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டார், ரசீதே இருந்தது. எனக்குச் சந்தோசம். மாமா ஒன்றும் சொல்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் கீழே படுத்தார். ட்ரெயிலர் கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில் செசியை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங், பிறகு டொப். திருப்பிப் பிடித்து முனையால் குத்தினார். பெயின்ற் அடித்த கறளுக்குள் அது நேரே இறங்கியது.

"இதுவும் போட் இழுத்ததுதான்" என்றார் எழும்பி. "பின்பக்கத்தை உப்புத் தண்ணிக்குள்ள விட்டு விட்டு எடுத்திருக்கானுகள்."

வந்துவிட்டோம். மாசி முடிய கடல் அடங்கிவிடும், அதற்குள் ஒன்று அமைய வேண்டும். நாளைக்கு ஏறாவூரில் ஒன்று இருக்காம்.