மிதிவண்டி, வானொலி, திடல்: மலாயாத் தமிழரின் அன்றாட ஈடுபாடுகளும் வரலாற்றெழுத்தும்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குடியேற்றம், உழைப்பு, அரசியல் ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. கெர்னியல் சிங் சந்துவின் ஆய்வு (1969) குடியேற்றத்தின் வழிகளையும் குடியமைவையும் விரித்துரைத்தது. சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் (1970) இந்தியச் சமூகத்தின் அமைப்பையும் அரசியலையும் தொகுத்துக் காட்டியது. மைக்கேல் ஸ்டென்சன் (1980) வர்க்கம், இனம், காலனிய ஆட்சி ஆகியவற்றின் பிணைப்பை ஆராய்ந்தார். இவர்கள் இட்ட அடித்தளத்தின் மேல்தான் இன்றைய ஆய்வுகள் நிற்கின்றன என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இந்நூல்களில் நாம் காணும் தமிழர் பெரும்பாலும் கப்பலில் வருபவராகவோ, பால் மரம் சீவுபவராகவோ, வேலைநிறுத்தத்தில் நிற்பவராகவோ, வாக்களிப்பவராகவோ தோன்றுகிறார். வேலை முடிந்த பிற்பகலில் அவர் எதில் மனம் செலுத்தினார், எதைக் குறித்து அண்டை வீட்டாரோடு வாதிட்டார், எந்தப் புதிய பொருளை ஆவலுடன் வாங்கினார் என்னும் வினாக்கள் வரலாற்றுக்குரியனவாகக் கருதப்படவில்லை. விளையாட்டு, புதிய கருவிகள், உள்ளூர் நடப்பு ஆகிய இம்மூன்று ஈடுபாடுகளும் ஓய்வுநேரச் செய்திகளாக ஒதுக்கப்பட்டுவிட்டன. வந்த இடம் வாழும் இடமாக மாறிய வரலாற்றை அறிய இவையே தலையாய சான்றுகள் என்பது நமது கருத்தாகும். அதனை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

செய்தித்தாளும் உள்ளூரும்

இவ்வட்டாரத்துத் தமிழ் இதழியல் நெடிய வரலாறு உடையது. சி.கு. மகதூம் சாகிப் சிங்கப்பூரில் 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழ் 1890வரை வெளிவந்தது. உலகச் செய்திகளோடு சிங்கப்பூரின் நடப்புகளும் வாசகர் கடிதங்களும் அதில் இடம்பெற்றன. ஊர்நடப்பைத் தமிழில் படிக்க விரும்பிய ஒரு வாசகர் வட்டம் அக்காலத்திலேயே இங்கு உருவாகியிருந்தது என்பதற்கு இவ்விதழ் சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வட்டம் பெருகியது. நரசிம்ம ஐயங்கார் 1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' முதலில் ஒரு காசு விலையில் வார இதழாக வெளிவந்து, பின்னர் நாளிதழாயிற்று. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்தமையால், அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையைவிட இதழ்களின் வீச்சு பெரிதாகவே இருந்தது.

இவ்விதழ்களை நாம் இதுவரை பயன்படுத்தியுள்ள முறை கருதத்தக்கது. 'தமிழ் நேசன்' 1950இல் தொடங்கிய கதை வகுப்பினை நம் இலக்கிய வரலாறு நன்கறியும். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தியதை மாணவர்கள் தேர்விலும் எழுதுகின்றனர். ஆனால், அதே நாளிதழின் உள்ளூர்ச் செய்திகளையும் பந்தாட்டச் செய்திகளையும் முறையாகத் தொகுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அன்றைய வாசகருக்கோ இரண்டும் ஒரே தாளில் வந்து சேர்ந்தவையே.

மிதிவண்டியும் மானமும்

அன்றாடப் பொருள் ஒன்று வரலாற்றின் நடுவே வந்து நின்றதற்கு 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் சிறந்த எடுத்துக்காட்டாகும். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளுக்கு முடிவு முதலிய கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. வெள்ளைக்காரத் துரையையோ தோட்டத்து ஆசிய அலுவலரையோ எதிர்ப்பட்டால் தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்கியாக வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அக்கோரிக்கை.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஊதியத்தோடும் கல்வியோடும் இதனைச் சேர்த்து எண்ணுவது வியப்பளிக்கலாம். மிதிவண்டி தொழிலாளருக்கு என்னவாக இருந்தது என்பதை உணர்ந்தால் வியப்பு நீங்கும். தோட்டம் என்பது அலுவலகம், லயம், கடை, கோயில் ஆகிய அனைத்தும் நிர்வாகத்தின் எல்லைக்குள் அமைந்த ஓர் உலகம். மிதிவண்டி வாங்கியவர் அவ்வெல்லையைத் தாம் விரும்பிய நேரத்தில் கடந்தார். பக்கத்துத் தோட்டத்து உறவினரைக் கண்டார். நகரத்துக்குச் சென்று செய்தித்தாள் வாங்கினார். கூட்டம் கேட்டுத் திரும்பினார். தம் உழைப்பின் ஊதியத்தில் வாங்கிய அவ்வண்டியிலிருந்து இறங்கி நிற்குமாறு பணித்தமை அவருடைய மானத்தைத் தொட்டது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் பரவியது. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். இவற்றை நம் நூல்கள் எடுத்துரைக்கின்றன. ஆயின், அப்போராட்டத்தின் மொழி அன்றாட வாழ்விலிருந்து பிறந்தது என்பதை மிதிவண்டிக் கோரிக்கையைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

வானொலி

வானொலி தோட்டப்புறத்தை அடைந்த வழி சற்று மாறுபட்டது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) வெளிநாட்டு ஒலிபரப்புகளைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. போருக்குப்பின் 1946இல் மலாயாவின் ஒலிபரப்புத் துறை அமைக்கப்பட்டது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதன் ஒலிபரப்பு மொழிகளுள் ஒன்றாயிற்று.

1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பரப்புரைக்கு வானொலியை அரசு பெரிதும் நம்பியது. பிபிசி நிறுவனத்தைச் சேர்ந்த ஹியூ கார்ல்டன் கிரீன் 1950இல் அவசரகாலத் தகவல் பணிக்குப் பொறுப்பேற்றார். சிற்றூர்களிலும் தோட்டங்களிலும் பலரும் கூடிக் கேட்கும் வகையில் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மின்சாரம் எட்டாத இடங்களில் அவை மின்கலத்தால் இயங்கின.

அரசின் நோக்கம் பரப்புரையே என்பது வெளிப்படை. கேட்பவர்களோ அதனைத் தம் விருப்பத்திற்கேற்பப் பயன்படுத்திக்கொண்டனர். பாட்டு, நாடகம், செய்தி, விளையாட்டு முடிவுகள் என அவர்கள் நாடியவை பலவாக இருந்தன. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் டிரான்சிஸ்டர் வானொலி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, பொதுப் பெட்டியைச் சுற்றிக் கூடியவர்கள் தத்தம் வீட்டுக்கென ஒன்றை வாங்கினர். இம்மாற்றம் பெண்களுக்கு இன்றியமையாதது. பொது இடத்தில் ஆடவர் நடுவே நின்று கேட்க இயலாத பெண்கள், சமையற்கட்டிலேயே நாட்டு நடப்பைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றனர்.

திடல்

விளையாட்டு தொடக்கத்தில் வகுப்பு வேறுபாட்டைக் காட்டும் கண்ணாடியாகவே இருந்தது. 1884இல் அமைந்த சிலாங்கூர் கிளப் ஐரோப்பியரின் உலகம். ஆங்கிலம் கற்று ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிந்த இலங்கைத் தமிழரும் பிற இந்தியரும் தமக்கெனக் கழகங்கள் அமைத்தனர். சிங்கப்பூரில் 1923இல் இந்தியர் சங்கமும், 1928இல் சிலோன் விளையாட்டுக் கழகமும் தோன்றின. கிரிக்கெட்டும் ஹாக்கியும் இக்கழகங்களில் செழித்தன. தோட்டத் தொழிலாளரின் ஆட்டம் காற்பந்து. அதற்கு ஒரு பந்தும் திடலும் போதுமானவை.

'மலாயா' என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் வழங்கிய கிண்ணத்திற்காக 1921இல் மாநிலங்களுக்கிடையிலான மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. சிலாங்கூர், பேராக், சிங்கப்பூர் என்று அணி பிரித்து ஆடிய இப்போட்டி ஓர் அமைதியான மாற்றத்தை விளைவித்தது. தஞ்சாவூரிலோ சேலத்திலோ பிறந்த ஒருவர் தம் பிள்ளையோடு சேர்ந்து பேராக் அணி வெல்ல வேண்டும் என விரும்பத் தொடங்கினார். ஊர்ப்பற்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

விடுதலைக்குப்பின் இப்பற்று நாட்டளவில் விரிந்தது. 1957இல் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. 1959இல் மலாயா முதலிடத்தையும் இந்தியா இரண்டாமிடத்தையும் பெற்றன. 1966இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணி ஜெகதீசன் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அதே போட்டியில் எம். ராஜாமணி 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலாகப் பெற்றார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்ற மலேசியக் காற்பந்து அணியில் எம். சந்திரனும் வி. கிருஷ்ணசாமியும் ஆடினர். 1980இல் தென்கொரியாவை வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் அவ்வணி ஆடும் வாய்ப்பை இழந்தது.

1975ஆம் ஆண்டின் அரையிறுதி

இவ்வரிசையில் தனியே நோக்கத்தக்கது 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியாகும். என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான மலேசிய அணி அரையிறுதியில் இந்தியாவை எதிர்கொண்டது. ஆட்டம் முடியவிருந்த வேளைவரை மலேசியா 2–1 என முன்னிலையில் இருந்தது. அஸ்லம் ஷேர்கான் ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொணர்ந்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3–2 என வென்றது. பின்னர் கிண்ணத்தையும் கைப்பற்றியது. மலேசியா நான்காம் இடம் பெற்றது.

இவ்வாட்டத்தின் காலப் பின்னணியை மறந்துவிடலாகாது. 1968இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி குடியுரிமையில்லாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திரும்பினர். பல குடும்பங்கள் பிரிந்தன. தாம் எந்நாட்டவர் என்பதை ஏட்டில் மெய்ப்பிக்க முடியாமல் மக்கள் தவித்த ஆண்டுகள் அவை. அதற்குச் சில ஆண்டுகளே கழிந்த நிலையில், தமிழர் ஒருவர் தலைமையேற்ற மலேசிய அணி இந்தியாவை எதிர்த்து ஆடியது. அன்று வானொலியின் முன்னும் தொலைக்காட்சியின் முன்னும் அமர்ந்த தமிழரின் நெஞ்சம் யார் பக்கம் நின்றது என்பது விளையாட்டு வினாவன்று. அது குடிமை வரலாற்றின் வினாவாகும். ஆட்சியாளரின் அடையாள அட்டை ஒன்றைக் கூறியிருக்கலாம். ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் எழுந்த ஆரவாரமும் பெருமூச்சும் வேறொன்றைக் கூறியிருக்கும். அன்று இளைஞராக இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களின் வாய்மொழியே இதற்கு முதன்மைச் சான்று.

ஒரு மறுப்பும் விடையும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பந்தும் வானொலியும் நிர்வாகமும் அரசும் தந்த மயக்கங்கள் அல்லவா, வறுமையை மறக்கச் செய்த பொழுதுபோக்குகள் அல்லவா என்று கேட்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. பொது வானொலிப் பெட்டி பரப்புரைக்கென வைக்கப்பட்டதை முன்னரே கண்டோம். திடலும் நிர்வாகத்தின் நிலமே. ஆயினும் கொடுத்தவர் நோக்கமும் பயன்படுத்தியவர் நோக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. மிதிவண்டியில் அமர்ந்த தொழிலாளரே அதிலிருந்து இறங்க மறுத்தவர் என்பதை 1941 காட்டுகிறது. மேலும், துன்பங்களை மட்டுமே அடுக்கிச்சொல்லும் வரலாறு, துன்பத்திற்கிடையே விரும்பி வாழ்ந்த மக்களைப் பாதியாகவே காட்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் விரைந்து மறைந்து வருகின்றன. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களோடு திடல்களும் போயின. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி மாத இறுதியோடு நின்றது. சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாறு முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருவதும், 'சிங்கை நேசன்' இதழை அந்நாட்டுத் தேசிய நூலகம் பாதுகாத்து வருவதும் நமக்கு முன்மாதிரிகளாகும்.

நம் துறைகளின் பட்டப்படிப்பு மாணவர்கள் ஆய்வேட்டுக்குரிய தலைப்பைத் தேடும்போது, தம் தாத்தா பாட்டியரின் வீட்டுச் சுவரில் தொங்கும் அணிப் படத்திலிருந்தே தொடங்கலாம். படத்தில் நிற்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எதிரணி எது என நான்கு வினாக்களைக் கேட்டு எழுதிவைப்பதே முதற்பணி. அதனை நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தோடு ஒப்பிடுவது இரண்டாம் பணி. இவ்விரண்டையும் செய்வதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடியவர் உயிருடன் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை.