ஆவடியின் கோரிக்கையும் மக்களவையின் அவசரமும்

புறநகர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சட்டம் இயற்றுவதை விட்டுவிட்டு, பெரிய அளவிலான கவுன்சிலராகிவிட்டார். நிழற்குடையும் ஹைமாஸ் விளக்கும் கேட்கும் வாக்காளரே அதற்குக் காரணம். ஆய்வுலகில் பழகிப்போன வாதம் இது. மேற்குச் சென்னைக்கு இது பொருந்துவதுபோலவே தோன்றும். சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் (சி.டி.எச். சாலை) அடுத்தடுத்துள்ள அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியிலும், ஆவடி திருவள்ளூர் தொகுதியிலும் அடங்குவதால், தம் எம்.பி. யாரென்று வாக்காளர் சிலர் தடுமாறினால் வியப்பில்லை. ஆனால் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். திருவள்ளூரின் வாக்காளர்களோ 2024-இல் 20 லட்சத்துக்கும் மேல். தலைக்கு 25 ரூபாய் தேறாத தொகையைக் கொண்டு ஒரு பதவியின் இயல்பை விளக்கிவிட முடியுமா?

2021-இல் ஆவடி கேட்டது விளக்கல்ல.

படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் 41 ஆலைகளை ஏழு நிறுவனங்களாக்க அந்த ஆண்டு ஜூன் 16-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆவடி டேங்க் ஃபேக்டரியும் ஓ.சி.எஃப். எனும் படை உடைத் தொழிற்சாலையும் அவற்றுள் அடக்கம். இதை எதிர்த்து இடதுசாரி, காங்கிரஸ், பாரதிய மஸ்தூர் சங்க (பி.எம்.எஸ்.) சார்பு தொழிற்சங்கச் சம்மேளனங்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் அறிவித்தன. அதைத் தடுக்க ஜூன் 30-இல் அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம் வந்தது. கூட்டாக விடுப்பு எடுப்பது, மெதுவாக வேலை செய்வது, ஓவர்டைம் பார்க்க மறுப்பது எல்லாமே அதன்படி ‘வேலைநிறுத்தம்’. அரசு தடை விதித்தபின் அதில் ஈடுபட்டால் ஓராண்டு வரை சிறை.

இதற்கான மசோதா ஆகஸ்ட் 3-இல் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்றைய அவைப் பதிவைப் படிப்பதில்தான் கருத்து வேறுபாடு. பெகாசஸ் உளவு விவகாரத்தில் முழக்கமிட்ட எதிர்க்கட்சியினர் தம் கடமையைக் கைவிட்டார்கள் என்பது ஒரு வாசிப்பு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்த ஒரு நாளை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் படிப்பது தவறு. கூட்டத்தொடர் தொடங்க 19 நாட்களே இருந்தபோது அவசரச் சட்டம் பிறந்தது. ஜூலை 22-இல் அறிமுகமான மசோதா நிலைக்குழுவுக்குப் போகவே இல்லை. சாட்சிகளை அழைத்து, பிரிவு பிரிவாகக் கேள்வி கேட்கும் இடம் நிலைக்குழுதான். அங்கே முழக்கமும் இல்லை, கேமராவும் இல்லை. ஆவடித் தொழிலாளியின் வாதம் பதிவாகியிருக்கக்கூடிய அந்த இடமே மூடப்பட்டிருந்தது. கூச்சல் இல்லாதிருந்தாலும் சில மணி நேர விவாதம் அதை ஈடுகட்டியிருக்குமா என்பது ஐயமே.

சட்டத்தின் ஆயுள் ஓராண்டுதானே என்பார்கள். புதிய நிறுவனங்கள் அக்டோபர் 1-இலேயே செயல்படத் தொடங்கிவிட்டன, அந்த மாற்றத்துக்கு ஓராண்டே அதிகம்.

ஒரு சட்டத்தை வைத்துப் பொதுவிதி வகுப்பது சரியாகாது. ஆனால் வாக்காளரின் சின்னக் கோரிக்கைகளே எம்.பி.யைச் சுருக்கின என்ற முடிவை இந்த எடுத்துக்காட்டு தாங்காது. கோரிக்கை சட்டம் பற்றியதாகவே இருந்தது. அதை ஆராயும் வாய்ப்பை உறுப்பினரிடமிருந்து பறித்தது அவையின் நடைமுறை. தொகுதி நிதிச் செலவைக் கொண்டு உறுப்பினரை அளக்கும் ஆய்வுகள் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.