பெயர் சொல்லிப் போட்ட பாட்டுகள்: இலங்கை வானொலியும் பேகம்பூரும்

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி கொழும்பு வானொலி நிலையத்தை அன்றைய கவர்னர் சர் ஹியூ கிளிஃபர்ட் தொடங்கி வைத்தார். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 25 அன்று, ராமநாதபுரத்தில் ஈ. எம். ஹனிபா பிறந்தார். பிற்காலத்தில் நாகூர் ஹனிபா என்றும் இசைமுரசு என்றும் நாடறிந்தவர் அவர்தான். 2025இல் நிலையத்துக்கும் நூறு, பாடகருக்கும் நூறு. வெளியூர்க்காரர்களுக்கு இவை இரண்டு தனித்தனி விழாக்களாக இருக்கலாம். திண்டுக்கல் பேகம்பூரில் அப்படிப் பிரிக்க முடியாது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கும் பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஹனிபாவின் குரல் நுழைந்தது இரண்டு வழியாக. ஒன்று கல்யாண வீட்டு மைக்செட்டின் கூம்புக் குழாய். மற்றது கொழும்பு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது வழியைப் பற்றியது.

நிலையத்தின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இலேயே சோதனை ஒலிபரப்பு நடத்தினார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டு துறையின் பொறியாளர்கள் ஒலிபரப்பியைக் கட்டினார்கள். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு அறையிலிருந்து முதலில் காற்றில் ஏறியது கிராமபோன் இசை. பேச்சுக்கு முன்னால் பிளேட்டு சுழன்ற நிலையம் அது. அந்தக் குணம் கடைசிவரை மாறவில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளுக்காக அமைத்த பலம் பொருந்திய சிற்றலைக் கருவிகள் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரும், 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக சேவையும் வந்தன. 1967இல் அது கூட்டுத்தாபனமானது. பெயர்ப் பலகை எத்தனை முறை மாறினாலும் நமக்கு அது ‘சிலோன் ரேடியோ’தான்.

திண்டுக்கல்லிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை ஏறக்குறைய 390 கிலோமீட்டர், கொழும்பு ஏறக்குறைய 430. ஆகவே தலைநகரும் அயல்நாடும் நமக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். திருச்சி வானொலி அருகிலேயே 1939 மே 16 முதல் இருந்தது. ஆனாலும் சினிமாப் பாட்டுக்குக் கை கொழும்பின் பக்கமே முள்ளைத் திருப்பியது. அதற்குக் காரணம் டெல்லி.

1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவானதாகக் கருதியவர். அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தை வெட்டினார். அத்தோடு விடவில்லை. பாட்டைப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அது இலவச விளம்பரம் ஆகிவிடும் என்றார். கோபமடைந்த தயாரிப்பாளர்கள் பாட்டுரிமையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித்பாரதி தொடங்கும்வரை நம் நிலையங்களில் சினிமாப் பாட்டுக்குப் பஞ்சம். அந்த ஐந்து வருடத்தைக் கொழும்பு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் வர்த்தக சேவையை நடத்திய காலம் அது. இந்தியில் அமீன் சயானியின் கீத்மாலா நிகழ்ச்சி இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. தமிழில் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன்.

கேஸ்கரைத் திட்டிப் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. எனக்கு அவர் மீது உள்ள மனத்தாங்கல் பாட்டை நிறுத்தியதைவிடப் பெயரை நிறுத்தியதற்காக. பெயர் தெரியாத பாட்டை யாரிடம் போய்க் கேட்பது? கடையில் என்னவென்று சொல்லித் தேடுவது? 1949இல் வந்த ‘மகால்’ இந்திப் படத்தின் கதை இதற்குச் சான்று. அந்தப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கான இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். வானொலியில் கேட்டவர்கள் யார் இந்தக் குரல் என்று கடிதம் எழுதிக் குவித்தார்கள். அதன் பிறகே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளியே வந்தது. லதாவுக்கே அந்த நிலை என்றால், நம் ஊர்ப் பக்கம் இரண்டு படத்தில் பாடிவிட்டு மறைந்துபோனவர்கள் எம்மாத்திரம்!

கொழும்புத் தமிழ் அறிவிப்பாளர்கள் பெயர் சொல்வதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத்: நால்வரும் நான்கு விதம். மயில்வாகனன் நிதானம். ராஜேஸ்வரி அம்மா பாட்டுக்கு முன் இரண்டு வாக்கியம் பேசினால் அந்தப் பாட்டுக்கே புது அர்த்தம் வரும். ராஜா மூச்சு விடாமல் கொட்டுவார், ஆனாலும் ஒரு எழுத்து சிதையாது. அவர் 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார் என்ற செய்தி இங்கே பல வீடுகளில் சொந்தத்தில் நேர்ந்த சாவு போலவே கேட்கப்பட்டது. அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைப் பின்னாளில் சன் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, முகத்தை முதன்முறையாகப் பார்த்தவர்கள் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள்.

‘பொங்கும் பூம்புனல்’, ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’, ‘பிறந்தநாள் வாழ்த்து’ எனப் பட்டியல் நீளம். இவற்றுக்கு நாள் முழுக்கப் பாட்டு வேண்டும். இதுதான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். திரையரங்குக்கு ஓடும் படம் போதும். வானொலிக்கு ஓடாத படமும் வேண்டும். நூறு நாள் ஓடிய படங்களை மட்டும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை ஒரு சேவையை நடத்த முடியாது. அலமாரியில் இருக்கும் எல்லாத் தட்டும் ஏதாவது ஒரு நாள் வெளியே வந்தே ஆக வேண்டும். அப்படி வந்தவர்களில்தான் டி. சலபதி ராவும், டி. ஜி. லிங்கப்பாவும், வேதாவும், வி. குமாரும் இருக்கிறார்கள். ஆர். பாலசரஸ்வதி தேவி, ஏ. பி. கோமளா, கே. ராணி, எஸ். சி. கிருஷ்ணன் ஆகியோரின் குரலும் அப்படித்தான் நம்மை வந்தடைந்தது. 1960இல் வந்த ‘மீண்ட சொர்க்கம்’ படத்தின் கதையைக் கேட்டால் நம் தெருவில் பலர் விழிப்பார்கள். சலபதி ராவ் இசையில் ஏ. எம். ராஜாவும் பி. சுசீலாவும் அதில் பாடிய பாட்டை அவர்களே முழுசாகப் பாடிக் காட்டுவார்கள். படத்தைப் பார்த்தவர் சிலர், பாட்டைக் கேட்டவர் ஊர் முழுவதும்.

78 சுற்று இசைத்தட்டைக் கையில் எடுத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அரக்கில் செய்த பத்து அங்குலத் தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். ஒரு பக்கம் ஜனங்கள் கேட்ட பாட்டு, மறுபக்கம் துணைக்கு ஒன்று. இரும்பு ஊசி ஓட ஓடப் பிரபலமான பக்கம் தேய்ந்து கரகரக்கும். மறுபக்கம் புத்தம் புதிதாக இருக்கும். ‘இந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டால் என்ன?’ என்று அறிவிப்பாளர் ஒருவருக்குத் தோன்றிய தருணங்களில்தான் பல பாட்டுகள் பிழைத்தன. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) முதற்கொண்டு நம் ஆரம்ப காலப் படங்கள் பலவற்றுக்கு இன்று பிரதியே கிடையாது. அந்தக் காலத்துச் சினிமாவில் காதுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இசைத்தட்டில் தங்கியதுதான். கொழும்பு நிலைய நூலகத்தில் இந்தியாவிலேயே கிடைக்காத இந்தி, தமிழ்த் தட்டுகள் உண்டு என்று சேகரிப்பாளர்கள் இன்றும் பொறாமையோடு சொல்வார்கள்.

இனி நம் வீட்டு விஷயம். சினிமாப் பாட்டுக்காவது பாட்டுப் புத்தகம் இருந்தது, பத்திரிகைகள் எழுதின, பிறகு ஆராய்ச்சியாளர்களும் வந்தார்கள். இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களுக்கு அதுவும் இல்லை. ஹனிபா ‘குலேபகாவலி’யிலும் (1955) ‘பாவ மன்னிப்பு’விலும் (1961) பாடிய பாட்டுகள் சினிமாப் பட்டியலில் ஏறிவிட்டன. அவர் வாழ்நாளெல்லாம் பாடிய தனிப்பாடல்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. மார்க்கப் பாட்டு என்று சினிமாக்காரர்கள் ஒதுக்கினார்கள். வெறும் பாட்டு என்று மார்க்க அறிஞர்களில் சிலர் ஒதுக்கினார்கள். தி.மு.க. மேடைகளில் ஹனிபா பாடியவற்றை அரசு வானொலி தொடாது. ஆக, லட்சக்கணக்கானோர் கேட்ட ஒரு பாடகர் ஏட்டில் பாதி காணாமல் போனார்.

கொழும்பில் நிலைமை வேறு. இலங்கை முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ். ஆகவே அங்கே முஸ்லிம் சேவை தமிழில் நடந்தது, அதற்குத் தமிழிலேயே கீதங்கள் தேவைப்பட்டன. நம் நிலையங்களில் காலைப் பக்திப் பாடல்களில் ஒன்றிரண்டு வந்துபோகும். அங்கே அவற்றுக்கென்றே நேரம் இருந்தது. ஹனிபா மட்டுமல்லாமல் காயல் ஷேக் முகம்மது, காரைக்கால் எம். எம். தாவூத் போன்றோரையும் பேகம்பூர் நன்கு அறிந்தது அந்த நேரத்தால்தான். ஹனிபாவோடு சேர்ந்து மார்க்கப் பாடல்கள் பாடிய கே. ராணியும், சினிமாவில் சோகப் பாட்டுகள் பாடிய கே. ராணியும் ஒருவரே என்று பலருக்கு வானொலி சொல்லித்தான் தெரியும்.

ரமலானில் அந்தச் சேவையின் சிறப்பு ஒலிபரப்பு களைகட்டும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கொழும்பு நமக்குக் கிழக்கே இருப்பதால் அந்தித் தொழுகை நேரமான மஃரிபு அங்கே சில நிமிடம் முந்திவிடும், கடிகாரமோ இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். ரேடியோவில் பாங்கு கேட்டதும் கஞ்சிக் கோப்பையை நோக்கிக் கை நீட்டும் பிள்ளைகளை ‘இரு, நம்ம பள்ளியில இன்னும் சொல்லல’ என்று அத்தாமார்கள் தடுப்பார்கள். அந்தச் சில நிமிடத்தின் நீளம் நோன்பு வைத்த பிள்ளைக்குத்தான் தெரியும்.

பெயர் சொல்லும் வழக்கம் எங்கே தவறியதோ அங்கே நட்டமும் தெரிகிறது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டைக் கேட்டால் கோயில் திருவிழாக் கூட்டமும் கூடப் பாடும். அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? ஹனிபாவின் கணீர்க் குரல் எழுதியவர்களையெல்லாம் மூடிவிட்டது. புலவர் ஆபிதீனும் நாகூர் சலீமும் எழுதிய பாட்டுகளையும் ‘ஹனிபா பாட்டு’ என்றே சொல்கிறோம். இதில் நம் பங்கும் உண்டு. மைக்செட்டில் போடுகிறவர் பெயர் சொல்வதில்லை, நாமும் கேட்டதில்லை.

எண்பதுகளில் கேசட் வந்தது, தொலைக்காட்சி வந்தது, 1983 இனக் கலவரத்துக்குப் பின் இலங்கையின் நிலைமையும் மாறியது. சிற்றலையின் கரகரப்பைச் சகித்துக்கொண்டு அலை போய் அலை வரக் காத்திருக்கும் பொறுமை யாருக்கும் இல்லாமல் போயிற்று. தபால் ஆபீசில் முத்திரை ஒட்டிய ரேடியோ லைசென்ஸ் புத்தகங்கள் பரணுக்குப் போயின. ஆனால் கேட்ட காது அப்படியேதான் இருந்தது. நம் ஊர் லியோனி பழைய பாட்டையும் புதிய பாட்டையும் மோதவிட்டுப் பட்டிமன்றம் நடத்தி, அது கேசட்டாக ஊர் ஊராக ஓடியபோது, ஒரு வரி தொடங்கியதும் கூட்டம் மறுவரியைச் சொன்னதற்குப் பின்னால் கொழும்பின் முப்பது வருட உழைப்பு இருந்தது.

பிறகு கொடைக்கானல் பண்பலை வந்தது, 100.5 மெகாஹெர்ட்ஸ். பண்பலை நேர்பார்வையில் செல்லும் அலை. கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எட்டும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே மலையில் நின்று பேசினால் சமவெளி முழுக்கக் கேட்கும். நமக்கு மேற்கே ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அப்படி ஒரு மலை இருப்பது அல்லாஹ் தந்த வசதி. விலை குறைந்த செல்போனிலும் ரேடியோ வந்த பிறகு, கரகரப்பு இல்லாமல் பழைய பாட்டைக் கேட்ட இளைஞர்கள் ‘இது யாரு பாடுனது, நன்னா?’ என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்கத் தொடங்கினார்கள். அகில இந்திய வானொலியின் அறிவிப்பாளர்களும் படம், பாடியவர், இசை என்று ஒழுங்காகச் சொல்கிறார்கள். கேஸ்கர் இருந்த வீட்டில்தான் இதுவும் நடக்கிறது. பல தனியார் நிலையங்களிலோ பாட்டு பாதியில் தொடங்கிப் பாதியில் முடிகிறது. நடுவில் சிரிப்பு நிறைய, பெயர் இல்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேகம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் மைக்செட் தொழில் நடத்திய குடும்பங்களில் பழைய பிளேட்டுகள் இன்னும் பெட்டியில் கிடக்கும். அவற்றைப் பழைய சாமான் கடையில் போடுவதற்கு முன் வட்ட லேபிளைத் துடைத்துப் பாருங்கள். கம்பெனி பெயர், தட்டின் எண், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர்: இந்த ஐந்தையும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் படம் எடுத்தாலும் போதும். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் நொறுங்கும், ஆகையால் அடுக்கி வைக்காமல் நிறுத்தி வையுங்கள். வெயில் பட்டால் வளையும். சோப்புத் தண்ணீர் லேபிளில் படவே கூடாது, எழுத்து போய்விடும்.