இறக்கம் எப்போது நோயாகிறது? உறுப்பு இறக்கம் பற்றிய மருத்துவ ஆராய்ச்சியின் வரலாறு

மேலை மருத்துவம் ‘புரோலாப்ஸ்’ என்று ஒரே சொல்லால் குறிப்பதை நம் பேச்சு வழக்கு பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கருப்பை கீழே வந்தால் அடி இறக்கம். மலக்குடல் ஆசனவாய் வழியே வந்தால் குடல் வெளித்தள்ளல். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கினால் ஜவ்வு விலகல். இதய வால்வின் இதழ் பின்னோக்கிச் சரிவதற்கு மட்டும் நம்மிடம் பழைய சொல் கிடையாது. கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ அறிய முடியாத ஒன்றுக்கு மக்கள் பெயர் வைப்பதில்லை. வழுக்கி விழுதல் என்று பொருள்படும் அந்த இலத்தீன் சொல் இந்த நான்கையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தது. அந்தச் சொல்லோடு ஒரு தவறும் நான்கு துறைகளுக்குள் நுழைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் உறுப்பு இடம் மாறியிருப்பதைக் காட்டும் வழிகள் முதலில் வந்தன. நலமாக இருப்பவர்களின் உடலில் அந்த உறுப்பு எந்த அளவுக்கு இடம் மாறியிருக்கும் என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே கேட்கப்பட்டது. அந்த இடைவெளியில் இயல்பான வேறுபாடுகள் நோய்ப் பெயர் பெற்றன. ஒரு துறை கற்றதை அடுத்த துறை கேட்டறியவில்லை. மிகத் தாமதமாகக் கற்றது மகளிர் மருத்துவம். அதற்கான விலையைத் தங்கள் உடலால் கொடுத்தவர்கள் பெண்கள்.

கருப்பை இறக்கம் மருத்துவ எழுத்தில் மிகத் தொன்மையானது. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தின் காகூன் பாப்பிரஸ் ஏட்டிலேயே அது பேசப்படுகிறது. ஹிப்போகிராட்டஸ் மரபினரின் நூல்கள் பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கும் முறையைச் சொல்கின்றன. பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தடுப்பதும் கிரேக்க மருத்துவர்களிடம் இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ் தலைகீழாகத் தொங்கவிடுவதைக் கண்டித்தார். கருப்பை தானாக அலையும் விலங்கன்று என்றும் வாதிட்டார். ஆயினும் அவருக்குப் பின் பதினாறு, பதினேழு நூற்றாண்டுகள் மருத்துவத்தின் கவனம் விழுந்த உறுப்பின் மேலேயே நின்றது. அதைத் தாங்கி நின்றது எது, அது ஏன் தளர்ந்தது என்ற ஆய்வு வலுப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் 1888இல் தொடங்கிய அறுவை முறை கருப்பையை அகற்றாமல் யோனிச் சுவர்களையும் தாங்கு திசுக்களையும் இறுக்கியது. 1895இல் மேக்கன்ராட் கருப்பைக் கழுத்தின் இருபுறமும் செல்லும் தசைநார்களே முதன்மைத் தாங்கிகள் என்றார். 1907இல் வியன்னாவின் ஹல்பனும் டான்ட்லரும் அதை மறுத்து இடுப்புத்தளத் தசைகளை முன்னிறுத்தினர். தசைநாரா, தசையா என்ற இந்தப் பூசல் ஒரு தலைமுறைக்கும் மேல் நீடித்தது.

பூசலைத் தீர்க்க இத்துறையினர் பயன்படுத்தும் ஓர் உவமை உதவுகிறது. துறைமுகத்தில் கட்டிய கப்பலைச் சுமப்பது தண்ணீர். கயிறுகள் அதை நிலையில் நிறுத்தினால் போதும். தண்ணீர் வடிந்துவிட்டால் முழுப் பாரமும் கயிற்றின் மேல் விழும், கயிறு நாளடைவில் அறும். தசைதான் தண்ணீர், தசைநார்தான் கயிறு. 1992இல் மிச்சிகனின் ஜான் டிலான்சி உடற்கூறு ஆய்வின் வழியே இந்தத் தாங்கலை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். 2007இல் அவருடைய குழு எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டபோது, இறக்கம் உள்ள பெண்களில் 55 விழுக்காட்டினருக்கு இடுப்புத்தளத் தசையில் பெரிய சேதம் இருந்தது; இறக்கம் இல்லாதவர்களில் 16 விழுக்காட்டினருக்கே அது இருந்தது. பிரசவத்தின்போது தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. இறக்கம் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுகிறது. காரணத்தைத் தேடும் பாதையில் மகளிர் மருத்துவம் நெடுந்தூரம் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு இறங்கினால் நோய் என்ற கேள்வியை அது தொடாமலே வந்தது. அந்தக் கேள்விக்கு முதலில் விடை தேட நேர்ந்தது இதயவியலுக்கு.

இதயத் துடிப்பின் நடுவே கேட்கும் ‘கிளிக்’ ஒலியை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி மருத்துவர்கள் இதயத்துக்கு வெளியே எழும் பாதிப்பில்லாத ஓசை என்று தள்ளிவிட்டனர். 1913இல் கலவர்தன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிணக்கூறாய்வில் இதய உறை ஒட்டியிருந்ததைக் கண்டு சொன்ன விளக்கமே அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. 1963இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஜான் பார்லோ இடது கீழறைக்குள் சாயம் செலுத்திப் படமெடுத்து, ஒலி எழும் இடம் மைட்ரல் வால்வு என்றும் அதன் வழியே இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்றும் நிறுவினார். 1966இல் அமெரிக்காவின் மைக்கேல் கிரைலி இந்த நிலைக்கு ‘புரோலாப்ஸ்’ என்ற பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் வந்தபின், இருப்பிடம் விட்டு விழுந்தது எல்லாம் கோளாறு என்ற பழைய பொருளும் கூடவே வந்தது. எழுபதுகளில் எக்கோ கருவி பரவியதும் ஊசியோ சாயமோ இல்லாமல் யாருடைய வால்வையும் பார்க்க முடிந்தது. பார்த்த இடமெல்லாம் சரிவு தெரிந்தது. நலமானவர்களில் பத்தில் ஒருவருக்கும் அதற்கு மேலும் இந்தக் கோளாறு இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறின. படபடப்பு, களைப்பு, நெஞ்சுவலி, மனப்பதற்றம், இளவயதுப் பக்கவாதம் எல்லாம் அதன் கணக்கில் எழுதப்பட்டன.

திருத்தம் வந்தது வடிவியலிலிருந்து. 1987இல் பாஸ்டனின் ராபர்ட் லெவைனும் சகாக்களும் வால்வின் வளையம் தட்டையான வட்டம் அன்று, பொரித்த அப்பளம்போல வளைந்தது என்று காட்டினர். வளைந்த விளிம்பை ஒரு திசையில் பார்த்தால் அதன் மேட்டுப் பகுதிகள் தெரியும், வேறொரு திசையில் பள்ளங்கள் தெரியும். பள்ளங்களை எல்லைக்கோடாக வைத்து அளந்தால், இதழ் எங்கும் நகராதபோதே எல்லை தாண்டிச் சரிந்ததாகத் தோன்றும். கண்டறியப்பட்ட ‘நோயாளி’களில் கணிசமானோர் அளவுகோலின் பிழையால் உண்டானவர்கள்! சரியான கோணத்தில், வளையத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் இதழ் சரிந்தால் மட்டுமே புரோலாப்ஸ் என்று வரையறுத்து, ஃப்ராமிங்ஹாம் ஊர் ஆய்வில் 3,491 பேரை அளந்த முடிவு 1999இல் வெளியானது. அவர்களில் 84 பேருக்கே, அதாவது 2.4 விழுக்காட்டினருக்கே சரிவு இருந்தது. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் அவர்களுக்கு மற்றவர்களைவிட மிகுதியாக இல்லை. மருத்துவம் தன் தவறை இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்துத் திருத்திய தருணங்கள் குறைவு. இதயவியலார் இதற்காகப் பெருமைப்படலாம். நோய்ப் பெயரைச் சுமந்தபடி கால் நூற்றாண்டு அஞ்சி வாழ்ந்தவர்களை அந்தப் பெருமை மறக்கச் செய்யக்கூடாது.

முதுகுத்தண்டின் கதை இதே தடத்தில் ஓடியது. பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் வெளியிட்ட கட்டுரை, காலுக்கு இறங்கும் நரம்புவலிக்கு வட்டின் பிதுக்கம் காரணமாகலாம் என்று நிறுவி அறுவைச் சிகிச்சையின் ஒரு காலகட்டத்தையே தொடங்கியது. நார்வேயின் ஹென்ரிக் வெபர் 126 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 1983இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டில் அறுவை செய்துகொண்டவர்கள் நன்றாக இருந்தனர். நான்காம் ஆண்டில் இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வட்டாவது உப்பியிருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுங்கியிருந்தது. மலக்குடலிலும் இப்படியே. அதன் வெளித்தள்ளலை 1912இல் மாஷ்கோவிட்ஸ் நழுவும் குடலிறக்கம் என்று விளக்கினார். 1968இல் ஸ்வீடனின் புரோடனும் ஸ்னெல்மனும் அசையும் எக்ஸ்-ரே படத்தால் குடல் தனக்குள்ளேயே செருகிக்கொள்வதில் அது தொடங்குகிறது என்று காட்டினர். அந்தப் படமுறை பரவியதும் வெளியே வராத உட்செருகலும் சிகிச்சைக்குரியதாகக் கருதப்பட்டது. 1989இல் எந்தக் குறையும் இல்லாத 47 பேரை அதே முறையில் படமெடுத்தபோது ஏறத்தாழப் பாதிப்பேரிடம் உட்செருகல் இருந்தது.

இவ்வளவும் அச்சில் இருந்தபோதுதான் மகளிர் மருத்துவம் தன் பெருந்தவறைச் செய்தது. 1996இல் இறக்கத்தைச் சென்டிமீட்டரில் அளக்கும் பன்னாட்டு முறை உருவானது. ஒப்பிட முடியாத விவரிப்புகளால் குழம்பியிருந்த துறைக்கு அது பெரிய கொடை. அளவு கிடைத்ததும், இறக்கமே இல்லாத பூச்சிய நிலையும் அதற்கடுத்த முதல் நிலையும் மட்டுமே வெற்றி என்ற வரையறையும் கிடைத்தது. அமெரிக்காவில் வழக்கமான பரிசோதனைக்கு வந்த 497 பெண்களை ஸ்டீவன் ஸ்விஃப்ட் அளந்து 2000இல் வெளியிட்டதில், பூச்சிய நிலையில் இருந்தவர்கள் 6.4 விழுக்காட்டினர் மட்டுமே, 47.7 விழுக்காட்டினர் இரண்டாம் நிலையில் இருந்தனர். எடுத்துக்கொண்ட அளவுகோலின்படி பெண்களில் பாதிப்பேர் தோல்வி. அடுத்த ஆண்டு வெளியான ஒரு குலுக்கல் ஆய்வு, யோனியின் முன்சுவரைத் தைத்துச் சீராக்கும் மூன்று முறைகளில் வெற்றி 30 முதல் 46 விழுக்காடு வரைதான் என்றது. தையல் பயனற்றது, வலிய பொருள் வேண்டும் என்ற முடிவுக்கு இந்த எண்கள் உரம் போட்டன. வயிற்றுச் சுவர்க் குடலிறக்கத்துக்குப் பயன்பட்ட செயற்கை வலையை யோனி வழியே பொருத்துவது பரவியது. ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருளை ஒத்தது என்ற அடிப்படையில், புதிய மனிதச் சோதனைகள் இல்லாமலே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு வழிவிட்டது. வயிற்றுச் சுவர் அசைவு குறைந்த தட்டி. யோனி மென்மையும் விரிவும் கிருமி வாழ்வும் கொண்ட குழாய். இரண்டையும் ஒன்றாக்கியது ‘இறக்கம்’ என்ற பொதுக் கருத்துதான்.

வலை திசுவை அரித்து வெளியே வந்தது. தீராத வலியும் உடலுறவில் வேதனையும் தொடர்ந்தன. 2008இல் எச்சரித்த அதே நிர்வாகம், கடுமையான பாதிப்புகள் அரிதல்ல என்று 2011இல் கூறியது. 2019 ஏப்ரலில் இவ்வகை வலைகளின் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. இங்கிலாந்தில் 2020இல் வெளியான கம்பர்லெஜ் அறிக்கை, பெண்களின் புகார்கள் ஆண்டுக்கணக்கில் புறந்தள்ளப்பட்டதைப் பதிவு செய்தது. என் வாதத்துக்கு மிக வலுவான சான்று இந்தத் துயரத்தின் நடுவில் கிடைத்தது. 2009இல் மாத்யூ பார்பரும் சகாக்களும் ஒரே அறுவை ஆய்வில் பங்கேற்ற 322 பெண்களின் தரவை 18 வெவ்வேறு வரையறைகளால் மதிப்பிட்டனர். வெற்றி விகிதம் 19.2 விழுக்காட்டிலிருந்து 97.2 விழுக்காடு வரை ஊசலாடியது. தாங்கள் தேறிவிட்டோம் என்று பெண்கள் சொன்னதோடு நெருங்கிப் பொருந்தியது, ஏதோ பிதுங்கி நிற்கிற உணர்வு நீங்கியதா என்ற எளிய அளவு. 2011இல், தையல் பயனற்றது என்ற எண்ணத்தை ஊட்டிய அந்த 2001 ஆய்வின் தரவையே எடுத்து, யோனி வாயிலைத் தாண்டுகிறதா, தொந்தரவு இருக்கிறதா, மறு சிகிச்சை தேவைப்பட்டதா என்ற அளவுகோலால் கணக்கிட்டபோது ஓராண்டு வெற்றி 88 விழுக்காடு என்று வந்தது. அதே பெண்கள், அதே தையல்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, வால்வும் வட்டும் கருப்பையும் பொறிமுறையில் வேறானவை, அவற்றை ஒரே வரலாறாகக் கோப்பது செயற்கை என்பது. பொறிமுறை வேறுதான். வால்வு நொடிக்கு ஒருமுறை அழுத்தம் தாங்குவது. வட்டு தன் உட்கூழைப் பிதுக்குவது. கருப்பை ஆண்டுக்கணக்கில் தளர்வது. ஆயினும் இவற்றுக்கிடையே திசு உறவு உண்டு: மார்ஃபன் போன்ற இணைப்புத் திசுக் கோளாறு உள்ளவர்களிடம் வால்வுச் சரிவும் இடுப்புறுப்பு இறக்கமும் மிகுதி. அந்த உறவே இல்லை என்று கொண்டாலும் வாதம் தளராது. நான் கோப்பது நோய்களை அல்ல, அவற்றை அறிந்த முறையை. நலமானவர்களை அளக்கும் முன்பே எல்லைக்கோடு வரைந்த பழக்கம் நான்கிலும் ஒன்றே.

இரண்டாவது மறுப்பு கனமானது. இறக்கம் இயல்பு என்று சொல்லத் தொடங்கினால் உண்மையில் துன்புறுவோர் கைவிடப்படுவார்கள், சிலர் இறந்தும் போவார்கள் என்பது. பதுவாவின் கிறிஸ்டினா பாஸோ 2015இல் வெளியிட்ட ஆய்வில், திடீரென இறந்த 650 இளவயதினரில் 43 பேருக்கு வால்வுச் சரிவு இருந்தது. ஆனால் அந்த ஆய்வு இறப்பைச் சரிவின் அளவோடு பிணைக்கவில்லை. வால்வை இழுத்துப் பிடிக்கும் தசையிலும் அருகிலும் உண்டான தழும்போடு பிணைத்தது. எல்லோரையும் நோயாளியாக்கியிருந்த காலத்தில் இந்தச் சிறு குழுவைப் பிரித்தறிந்திருக்க வழியே இல்லை. நேபாளத்தில் பிரசவித்த சில நாள்களிலேயே பாரம் சுமக்கப் போகும் பெண்களின் நிலை எதிர்த்திசையில் அதையே சொல்கிறது. அங்கே கருப்பை இறக்கம் பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறல் என்று கூறி உச்ச நீதிமன்றம் 2008இல் அரசுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. உட்கார முடியாமல், சிறுநீர் கழிக்க முடியாமல் வாழ்ந்த அப்பெண்களிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆளில்லாததே குறை. மும்பையில் ஷிரோட்கரும் புரந்தரேயும் இன்னும் குழந்தை பெற விரும்பிய இளம்பெண்களுக்காகக் கருப்பையைக் காத்து இழுத்துக் கட்டும் முறைகளை வகுத்தபோது, அந்தப் பெண்ணின் தேவையே அறுவையின் இலக்காக இருந்தது. இந்த முன்னோடித்தனத்தை உலக இலக்கியம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

நெதர்லாந்தில் தொந்தரவு தரும் இறக்கம் உள்ள 440 பெண்களைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான ஆய்வு, உள்ளே பொருத்தும் பெஸ்ஸரி வளையத்தை அறுவையோடு ஒப்பிட்டது. மாதுளையின் இடத்தில் இப்போது சிலிக்கோன். இரண்டு ஆண்டுகள் கழித்து அறுவைக் குழுவில் 81.5 விழுக்காட்டினரும் வளையக் குழுவில் 76.3 விழுக்காட்டினரும் தேறியதாகக் கூறினர். வளையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறினர். வளையம் அறுவைக்குக் குறைந்ததன்று என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் முதன்மை அளவாக அதன் ஆய்வாளர்கள் வைத்தது ஒரு சென்டிமீட்டர் கணக்கை அல்ல. சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட இப்போது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டுப் பெற்ற பதிலை.