நின்று நின்று ஓடும் ஆட்டமும் நிற்காமல் ஓடும் ஆட்டமும்



பிப்ரவரியில் சூப்பர் பவுல் முடிந்த மறுநாள், அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைத்தார். "சார், ஆபீஸ்ல எல்லாரும் கூப்பிட்டாங்கன்னு போய் உட்கார்ந்தேன். அஞ்சு செகண்டு ஓடுறாங்க, அரை நிமிஷம் நிக்கிறாங்க, உடனே விளம்பரம். காலால உதைக்கிறதே அபூர்வம், இதுக்குப் பேரு ஃபுட்பால். இதை எப்படி சார் கோடிக்கணக்கான பேர் பார்க்கிறாங்க?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே, "விளம்பரத்துக்கு நடுவுல ஆட்டம் காட்டுறாங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு மனது உறுத்தியது. வகுப்பில் வரலாறு நடத்திய ஆள், காரணம் கேட்ட மாணவனுக்குக் கேலியைப் பதிலாகக் கொடுக்கலாமா? அதற்காக உட்கார்ந்து படித்ததும் யோசித்ததும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுவோம். 'சாக்கர்' என்ற சொல்லை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறோம். அது இங்கிலாந்தில் பிறந்த சொல். 1863-இல் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்ற சண்டையில் ஒரு பிரிவு வெளியேறியது. அந்த வழியில் வந்தது ரக்பி. சங்கத்தில் தங்கியவர்களின் ஆட்டம் 'அசோசியேஷன் ஃபுட்பால்'. ஆங்கிலேய மாணவர்கள் 'அசோசியேஷன்' என்ற சொல்லைச் செல்லமாகச் சுருக்கியதில்தான் 'சாக்கர்' வந்தது.

அமெரிக்காவின் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதின. அணிக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அன்று அனுமதி இல்லை. அந்த ஆட்டம் இன்றைய அமெரிக்க ஃபுட்பாலைவிட சாக்கருக்குத்தான் நெருக்கம். 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ரக்பி விதிகளில் ஆடிக் காட்டியது. ஹார்வர்டு மாணவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டே ஆண்டுகளில் மற்ற கல்லூரிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன.

ஆக, இரண்டும் ஒரே வீட்டில் பிறந்து பிரிந்தவை. ஆனால் பார்ப்பவனை இரண்டும் நடத்திய விதம் முற்றிலும் வேறாகப் போனது. அது எப்படி என்பதுதான் என் மாணவரின் கேள்விக்குப் பதில்.

யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் என்பவரை அமெரிக்க ஃபுட்பாலின் தந்தை என்பார்கள். 1880-இல் அவர் சொன்னபடி ஒரு விதி வந்தது. ரக்பியில் இரண்டு பக்கமும் கும்பலாக முட்டிப் பந்துக்குப் போராடுவதற்குப் பதில், பந்து ஒரு அணியின் கையில் இருக்கும். ஒரு கோட்டின் இரு பக்கமும் அணிகள் நின்று, பந்து எடுத்துத் தரப்பட்டதும் ஆட்டம் தொடங்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. பந்தை வைத்திருக்கும் அணி அதை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் ஆடியபோது, முதல் பாதி முழுக்கப் பிரின்ஸ்டன் பந்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாதி முழுக்க யேல் பிடித்துக்கொண்டது. முடிவு 0-0. பார்க்க வந்தவர்கள் வெறுத்துப்போனார்கள்.

அடுத்த ஆண்டே விதி மாறியது. மூன்று முயற்சிகளில் 5 கெஜமாவது முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த முயற்சிக்குப் பெயர்தான் 'டவுன்'. 5 கெஜத்தை அளக்க மைதானம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். இன்று 4 முயற்சி, 10 கெஜம்.

இந்த 1882-ஐக் கவனியுங்கள். பார்ப்பவன் சலித்தான் என்பது தெரிந்ததும் ஆட்டத்தின் எலும்புக்கூட்டையே மாற்றினார்கள். அந்த ஆட்டம் பிறகும் இப்படியே வளர்ந்தது. 1905-இல் ஒரே பருவத்தில் 18-க்கும் குறையாத வீரர்கள் காயங்களால் இறந்தபோது நாடு கொதித்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. கும்பலாக முட்டிக்கொண்டிருந்த ஆட்டம் மைதானம் முழுக்க விரிந்தது. பந்து காற்றில் பறக்க, ஒருவன் ஓடிப்போய்ப் பிடிப்பானா மாட்டானா என்ற அந்த இரண்டு விநாடிப் பதற்றம் அப்போது பிறந்ததுதான்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே ஆட்டத்துக்குக் கூட்டம் கொடுத்தது சனிக்கிழமை அரைநாள் விடுமுறை. 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு முடித்தது. மெல்ல மெல்ல மற்றவர்களுக்கும் அது வழக்கமானது. 2 மணிக்கு ஆலைச் சங்கு, 3 மணிக்கு ஆட்டம். 1883-இல் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியைத் தோற்கடித்து, ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. 1888-இல் 12 அணிகளோடு லீக் தொடங்கியது.

இந்த ஆட்டத்தின் விதிகள் அதிகம் மாறவில்லை. மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன். கோல்கள் குறைந்துபோனதால் 1925-இல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் 45 நிமிடம் நிற்காமல் ஓடும் அந்த அடிப்படையில் கை வைக்கவில்லை. கோல் எப்போதாவதுதான் விழும். அதுவரை பார்ப்பவன் என்ன செய்வான்? பாடினான், கத்தினான், வசை பாடினான், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடித்தான். 1923-இல் வெம்பிளி மைதானத்தின் முதல் இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் கணக்குப்படி 126,047 பேர். சுவரேறி வந்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் என்பார்கள். ஆடுகளம் முழுக்க மனிதத் தலைகள். குதிரைப் போலீசார் கூட்டத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளி, 45 நிமிடம் தாமதமாக ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக் குதிரை இன்றும் பேசப்படுகிறது.

நான் புரிந்துகொண்டது இதுதான். அமெரிக்க ஃபுட்பால் பார்ப்பவனுக்காகத் தன்னை மாற்றிக்கொண்டே வந்த ஆட்டம். சாக்கர் பார்ப்பவனையே தனக்கேற்ப மாற்றிக்கொண்ட ஆட்டம்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. ஒன்றுக்கு யோகம், மற்றதற்குச் சோதனை.

1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி, கூடுதல் நேரத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸை 23-17 என்று வென்றது. கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்து பார்த்தார்கள். இந்த ஆட்டம் தொலைக்காட்சிக்கென்றே செய்ததுபோல இருக்கிறதே என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே இடைவெளி. அதில் விளக்கம் சொல்லலாம், முகத்தைக் காட்டலாம், சோப்பு விற்கலாம். 1961-இல் ஒரு சட்டம் வந்தது. அணிகள் ஒன்றுசேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்று, வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள அது வழி செய்தது. கிரீன் பே போன்ற சின்ன ஊரின் அணி நியூயார்க் அணிகளோடு சமமாக நிற்க முடிவது இதனால்தான்.

1963 டிசம்பர் 7. கென்னடி கொல்லப்பட்டு 15 நாள் ஆகியிருந்தது. தரைப்படை, கடற்படைக் கல்லூரிகள் மோதிய ஆட்டத்தில் டோனி வெர்னா என்ற இளம் இயக்குநர், நடந்து முடிந்த ஒரு டச்டவுனை உடனே மறுபடி ஓட்டிக் காட்டினார். தரைப்படை மறுபடியும் புள்ளி எடுத்துவிடவில்லை என்று வர்ணனையாளர் பதறிப்போய் விளக்க வேண்டியிருந்தது! இன்று எல்லா விளையாட்டிலும் நாம் பார்க்கும் 'ரீப்ளே' இப்படித்தான் பிறந்தது.

1968-இல் ஜெட்ஸ் அணி 32-29 என்று முன்னிலையில் இருந்தபோது, ஒரு நிமிடச் சொச்சமே மீதி. மணி 7 ஆனதும் என்.பி.சி. தொலைக்காட்சி ஆட்டத்தை வெட்டிவிட்டு 'ஹைடி' என்ற குழந்தைகள் படத்தைப் போட்டது. அந்த மிச்ச நேரத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் இரண்டு டச்டவுன் எடுத்து 43-32 என்று ஜெயித்துவிட்டது. கோபத்தில் மக்கள் போன் செய்து செய்து தொலைக்காட்சி நிலையத்தின் தொலைபேசி இணைப்பே செயலிழந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்தை முடியும்வரை காட்டுவது என்று முடிவானது.

இதே தொலைக்காட்சி சாக்கரிடம் வந்தபோது என்ன ஆனது? 1967-இல் அமெரிக்காவில் புதிய சாக்கர் லீக் ஒன்றை சி.பி.எஸ். ஒளிபரப்பியது. ஆட்டமோ நிற்க மாட்டேன் என்கிறது, விளம்பரத்தை எங்கே போடுவது? ஓர் ஆட்டத்தில் தான் விசில் ஊதிய 21 தவறுகளில் 11 விளம்பரத்துக்காக ஊதப்பட்டவை என்று நடுவர் பீட்டர் ரோட்ஸ் ஒப்புக்கொண்டார். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன.

1975-இல் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்கு வந்தார். 1977-இல் ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டார்கள். ஆனாலும் 1984-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த லீக் மூடப்பட்டது. 1994 உலகக் கோப்பையை அமெரிக்கா நடத்தியபோது, ஆட்டத்தின் நடுவே விளம்பரமே போடாமல், திரையில் கடிகாரத்தின் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் காட்டினார்கள். 52 ஆட்டங்களுக்கும் சராசரியாக ஏறக்குறைய 69,000 பேர் நேரில் வந்தார்கள். அமெரிக்கர்களுக்குச் சாக்கர் பார்க்கப் பொறுமை கிடையாது என்ற பேச்சு அன்றே பொய்யானது.

இப்போது என் மாணவரின் கணக்குக்கு வருவோம். அவர் சொன்னது தப்பில்லை. 2010-இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' கணக்கிட்டபோது, மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து ஆட்டத்தில் இருந்தது ஏறக்குறைய 11 நிமிடம்தான். ஆனால் தம்பி, நீயும் நானும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும் நேரத்தில் நாம் சும்மாவா இருக்கிறோம்? அடுத்த பந்து யார்க்கரா, ஸ்லிப்பை ஏன் எடுத்தான் என்று மண்டையைக் குடைகிறோம். அந்த இடைவெளியும் ஆட்டம்தான். அமெரிக்கனும் அதைத்தான் செய்கிறான். மூன்றாவது முயற்சி, இன்னும் 7 கெஜம் வேண்டும், எறிவானா ஓடுவானா? அடுத்த முறை இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பார். சாக்கர் பார்க்கும்போது இதற்கு நேர்மாறு. யோசிக்க நேரம் தராது. உடம்போடு கூடவே ஓட வைக்கும்.

இரண்டு ஆட்டமும் வாங்கிய விலையையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. அமெரிக்க ஃபுட்பாலில் விலை கொடுத்தவன் ஆடுபவன். ஒவ்வொரு மோதலையும் மெதுவாக ஓட்டி ரசித்தோமே, அந்த மோதல்கள் மூளையைத் தின்றிருக்கின்றன. 2002-இல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற பெரிய வீரரின் மூளையை நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஓமாலு ஆராய்ந்தபோதுதான் அது பெரிதாக வெளியே வந்தது. சாக்கரில் விலை கொடுத்தவன் பார்ப்பவன். 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பி வேலிக்குள் நெருக்குண்டு 97 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். முதலில் பழியை இறந்தவர்கள் மீதே போட்டார்கள். ரசிகர்கள் மீது குற்றமில்லை, காவல்துறையின் தவறுகளே காரணம் என்று நீதிமன்ற விசாரணை நடுவர்குழு சொல்ல 2016 ஆயிற்று. பார்ப்பதும் பொறுப்பான காரியம்தான் என்று இந்த இரண்டும் சொல்கின்றன.

கடைசியாக ஒன்று. இந்த ஜூனில் உலகக் கோப்பை மறுபடியும் அமெரிக்காவுக்கு வருகிறது, கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து. ஒவ்வொரு பாதியின் நடுவிலும் 3 நிமிடம் தண்ணீர் இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்திருக்கிறது. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூரை போட்ட மைதானமானாலும் உண்டாம். வீரர்களின் உடல்நலத்துக்காக என்கிறார்கள். வெயிலில் ஓடுபவனுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூரைக்குக் கீழே அந்த 3 நிமிடம் யாருடைய தாகத்துக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. நம் ஐ.பி.எல். இரண்டரை நிமிட இடைவேளைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இறுதி ஆட்டம் நியூ ஜெர்சியில். 1869-இல் 25 பேர் 25 பேரோடு பந்தை உதைத்த அதே மாநிலத்தில், இரண்டு அமெரிக்க ஃபுட்பால் அணிகளின் சொந்த மைதானத்தில். பிரிந்துபோன பங்காளிகள் மறுபடி ஒரே வீட்டில் கூடுவதுபோல எனக்குத் தோன்றுகிறது. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது ஆடுபவனுக்காக நிற்கிறதா, பார்ப்பவனுக்காக நிற்கிறதா, விற்பவனுக்காக நிற்கிறதா? மூன்றும் ஒன்றல்ல.

மாணவருக்கு நான் சொன்ன கேலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் இதைப் படித்துவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம். மற்றவர்களும் வரலாம். தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். உங்கள் பரீட்சைத்தாள்களில் நான் சிவப்பு மையை எவ்வளவு செலவழித்திருப்பேன்!