ஒரு டீயும் கரண்ட் பில்லும்

1968 மே 16. கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. விடியற்காலையில் டீ போட ஒரு பெண்மணி தீக்குச்சி கிழித்தார். கசிந்திருந்த காஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலையே மாடி மாடியாகச் சரிந்தது. நாலு பேர் பலி. தீக்குச்சி கிழித்தவர் பிழைத்துக்கொண்டார், அதிசயம்தான்!

அப்புறம் அந்த ரகக் கட்டடங்கள் பலவற்றில் காஸ் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். குளிருக்கு? ராத்திரி மலிவுக் கரண்டில் செங்கல்லைச் சூடாக்கி, பகலில் அனல் விடும் ஹீட்டர். 1978-ல் ‘எகானமி செவன்’ என்று இரவு ஏழு மணி நேரச் சலுகையும் வந்தது. ஆனால், சாயங்காலத்துக்குள் செங்கல் ஆறிவிடும். அப்போது சுவிட்சைப் போட்டால் முழு விலை! வட கடல் காஸ் வாங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

2010-ல் சோலார் பலகை போட்டவர்களுக்குக் காசு கிடைக்க அரசாங்கம் வழி செய்தது. அடுக்குமாடி வாடகைக்காரருக்குச் சொந்தக் கூரை ஏது? கூரை இருந்தால் மட்டும்? டிசம்பரில் லண்டன் சூரியன் எட்டு மணி நேரம்கூட நிற்பதில்லையே!