மானிட்டர் மண்டையைப் போட்டுடுச்சா? கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படிங்க!

நாளைக்குக் காலையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். சிதம்பரத்தில் வாடகை ரூமில் உட்கார்ந்து ராத்திரி பத்து மணிக்கு டைப் பண்றீங்க. பட்டுனு ஸ்கிரீன் கறுத்துப்போகுது. சி.பி.யூ ஃபேன் மட்டும் ஓடுது. கையில் இருப்பது ஏழாயிரம் ரூபாய், அதுவும் மெஸ் பில்லுக்கு எடுத்துவெச்சது. இந்த நேரத்தில் தப்பான மானிட்டரை வாங்கிட்டா, இன்னொண்ணு வாங்க வழியில்லை. அதனால் பதற்றப்படாம ஒவ்வொண்ணா பார்ப்போம்.

செத்தது மானிட்டர்தானா?

முதலில் கேபிளைக் கழற்றி மாட்டுங்க. முடிஞ்சா வேற கேபிள் போட்டுப் பாருங்க. அப்புறம் சி.பி.யூ-வை ஹெச்.டி.எம்.ஐ கேபிளில் டி.வி-யில் மாட்டுங்க. படம் வந்தா சி.பி.யூ நல்லா இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு ராத்திரி வேலையையும் டி.வி-யிலேயே முடிச்சிடலாம். கறுத்த ஸ்கிரீன்மேல் செல்போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாருங்க. மங்கலா எழுத்து தெரிஞ்சா, பேக்லைட்தான் போயிருக்கு. பேக்லைட், அடாப்டர் கோளாறு என்றால் மெக்கானிக்கிடம் செலவைக் கேட்டுப் பார்க்கலாம். பேனலே விரிசல் விட்டிருந்தா, புதுசு வாங்குவதுதான் லாபம். நீங்களே திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எதை வாங்கலாம்?

22 இன்ச், 1920x1080 ரெசல்யூஷன் போதும். சுமார் 6,000 முதல் 8,000 ரூபாய்க்குள் கிடைக்கும். இதே ரெசல்யூஷனில் 27 இன்ச் வாங்கினா, கிட்ட உட்கார்ந்து பார்க்கும்போது எழுத்து கொஞ்சம் பிசிறடிக்கும். ஐ.பி.எஸ் பேனல் என்றால் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வி.ஏ பேனலில் கறுப்பு நல்லா இருக்கும். டைப்பிங், ஆன்லைன் கிளாஸுக்கு இரண்டுமே ஓகே. 144 ஹெர்ட்ஸ், வளைந்த ஸ்கிரீன் எல்லாம் கேம் ஆடுறவங்களுக்கு. அதுக்குக் காசு கொடுக்காதீங்க.

பலர் கோட்டை விடும் இடம்

சி.பி.யூ-வின் பின்பக்கத்தை போட்டோ எடுத்துட்டுப் போங்க. பழைய சி.பி.யூ-வில் நீல நிற வி.ஜி.ஏ போர்ட் மட்டும்தான் இருக்கும். புது மானிட்டர் சிலவற்றில் அது இல்லை. சாதாரணமா கிடைக்கும் 'ஹெச்.டி.எம்.ஐ டு வி.ஜி.ஏ' கன்வெர்ட்டரைத் திருப்பி மாட்டினா வேலை செய்யாது. இரண்டு போர்ட்டும் உள்ள மானிட்டரே பாதுகாப்பு.

செகண்ட் ஹேண்ட் என்றால்...

கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்க. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என முழு ஸ்கிரீனையும் மாத்திப் பார்த்தா புள்ளி, கோடு, மஞ்சள் கறை தெரிஞ்சிடும். கடலூர் முதுநகர் மாதிரி கடலோரத்தில் இருந்து வந்த மானிட்டரா? உப்புக்காத்தில் போர்ட்டுகளுக்குள் துரு, பச்சை பூத்திருக்கான்னு எட்டிப் பாருங்க. வெள்ளத்தில் நனைந்தது என்று தெரிஞ்சா, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பில் முக்கியம்

"பில் வேண்டாம்னா விலை குறைக்கிறேன்" என்றால் மயங்காதீங்க. வாரன்டி கேட்கப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும். 32 இன்ச் வரையிலான மானிட்டருக்கு ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்தில் இருந்து 18 ஆகக் குறைஞ்சது 2019 ஜனவரியில். பில்லில் சீரியல் நம்பர் இருக்கணும். பின்பக்க லேபிளில் பி.ஐ.எஸ் முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்கும், அதை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் சரிபார்க்கலாம். சர்வீஸ் சென்டர் கடலூரிலா, புதுச்சேரியிலா, சென்னையிலா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுடுங்க. மானிட்டரைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறப்போறது நீங்கதான்.

மழைக்காலம் வருது

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடிச்சு, நாள்கணக்கில் கரன்ட் இல்லாம இருந்ததை கடலூர்க்காரங்க மறக்க மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிச்சா பிளக்கைப் பிடுங்கிடுங்க. 22 இன்ச் எல்.இ.டி மானிட்டர் சுமார் 20 வாட்தான் எடுக்கும் என்பதால், சின்ன யு.பி.எஸ் இருந்தாலே கரன்ட் போனதும் ஃபைலை சேவ் பண்ண நேரம் கிடைக்கும்.

பழைய மானிட்டரைக் குப்பையில் போடாதீங்க. பெட்டி மாதிரியான பழைய சி.ஆர்.டி-யின் கண்ணாடியில் ஈயம் இருக்கு. எக்ஸ்சேஞ்ச் உண்டான்னு கடையில் கேளுங்க, இல்லைன்னா மின்கழிவு எடுப்பவங்ககிட்ட கொடுங்க. புது மானிட்டர் வந்த முதல் நாளே இன்னொரு வேலையும் செய்ங்க: ரிப்போர்ட்டை பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்துவைங்க!